வெடிச்ச உதடும் விடாத நாக்கும்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை உதடு பத்தி நிறைய பேர் கேட்டிருக்கீங்க, அதனால பக்கம் முழுக்க அதுக்கே ஒதுக்கிட்டேன். ஒரே மாதிரி இருந்த கேள்விகளை ஒண்ணா சேர்த்திருக்கேன்.

கேள்வி: வருஷம் பூரா எனக்கு உதடு காய்ஞ்சு தோல் உரிஞ்சுகிட்டே இருக்கு. லிப் பாம் இல்லாம வெளிய போறதே இல்ல. போட்டவுடனே ஜில்லுனு சுகமா இருக்கு, கொஞ்ச நேரத்துல பழையபடி இழுக்குது. இதைவிட நல்ல லிப் பாம் எது?

பதில்: அந்த ஜில்லுனு இருக்கிறதுதாங்க எனக்கு சந்தேகமா இருக்கு. மென்தால், கற்பூரம், புதினா எண்ணெய் இதெல்லாம் போட்ட லிப் பாம்தான் அப்படி ஜில்லுனு இருக்கும், ஏற்கனவே வெடிச்சிருக்கிற உதட்டுக்கு அது எரிச்சலைத்தான் கூட்டும், எரிச்சல் வந்தா மறுபடி காயும், காய்ஞ்சா மறுபடி அதையே எடுத்து தடவுவோம், இப்படியே சுத்திகிட்டு இருக்கும். சிலதுல சாலிசிலிக் ஆசிட் வேற இருக்கும், அது தோலை உரிக்கிற சமாச்சாரம், உரியுதுன்னு கவலைப்படுறவங்களுக்கு அது எதுக்கு?

உதடு ஏன் இவ்ளோ சீக்கிரம் காயுதுன்னு தெரிஞ்சுகிட்டா மீதியெல்லாம் தானா புரிஞ்சிடும். நம்ம முகத்துல எண்ணெய் சுரப்பிகள் இருக்கு, அது கசியவிடுற எண்ணெய்தான் தோலோட ஈரம் வெளிய போகாம காக்குது. உதட்டோட சிவந்த பகுதியில அது கிட்டத்தட்ட இல்லவே இல்ல, வியர்வை சுரப்பியும் கிடையாது, தோலும் ரொம்ப மெல்லிசு. தனக்கு வேண்டிய எண்ணெயை உதடு தானே தயாரிச்சுக்க முடியாது, நாமதான் வெளியிலேருந்து தரணும்.

அதுக்கு வாசனை, கலர் எதுவும் சேர்க்காத சாதா பெட்ரோலியம் ஜெல்லி போதும். 1872ல ராபர்ட் சீஸ்பரோ அமெரிக்காவுல காப்புரிமை வாங்கின பழைய பொருள்தான், ஆனா இந்த வேலைக்கு அதைவிட பளபளப்பான டப்பாவுல வர்ற எதையும் என்னால சிபாரிசு பண்ண முடியல. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, அது ஈரத்தை கொடுக்காது, இருக்கிற ஈரத்தை பாத்திரத்துக்கு மூடி போட்ட மாதிரி உள்ளயே நிறுத்தும். அதனால முகம் கழுவினதும் உதட்டை லேசா ஒத்தி எடுத்துட்டு, கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே தடவணும். ராத்திரி படுக்கிறதுக்கு முன்னாடி நல்லா தடிமனா போடுங்க. கிளிசரின், ஹயலுரானிக் ஆசிட் போட்டதெல்லாம் ஈரத்தை இழுக்கும், ஆனா காத்து வறண்டிருந்தா மேல இந்த மாதிரி ஒரு பூச்சு இல்லாம தாக்குப்பிடிக்காது. தண்ணி நிறைய குடிச்சா சரியாயிடுமான்னும் சிலர் கேட்டிருக்கீங்க. குடிங்க, உடம்புக்கு நல்லது, ஆனா உதட்டு மேல பூச்சு இல்லேன்னா அந்த ஈரம் காத்தோட போயிடும்.

ஒரு 2, 3 வாரம் மத்த லிப் பாம், மேட் லிப்ஸ்டிக் எல்லாத்தையும் ஓரங்கட்டிட்டு இது ஒண்ணை மட்டும் போட்டுப் பாருங்க. அப்பவும் குறையலேன்னா டூத்பேஸ்ட் மேலயும் ஒரு கண்ணு வைங்க, அதுல இருக்கிற புதினா, பட்டை வாசனையே சிலருக்கு ஒத்துக்காது. இயற்கைன்னு லேபிள்ல போட்டிருந்தா அலர்ஜி வராதுன்னு நினைச்சுடாதீங்க. தேன்மெழுகு, லானோலின்ங்கிற ஆட்டு ரோமக் கொழுப்பு, விளக்கெண்ணெய் இதுக்கெல்லாம்கூட உதட்டுல அலர்ஜி ஆகிறவங்க இருக்காங்க. எதுன்னு பிடிபடலேன்னா தோல் டாக்டர்கிட்ட பேட்ச் டெஸ்ட் பண்ணிக்கலாம், அதாவது சந்தேகப்படுற பொருட்களை கொஞ்சம் கொஞ்சமா தோல்ல ஒட்டி வச்சு எது ஒத்துக்கலேன்னு பார்க்கிற சோதனை.

கேள்வி: என் பையன் எந்நேரமும் உதட்டை நக்கிகிட்டே இருக்கான். இப்ப வாயைச் சுத்தி மீசை வரைஞ்ச மாதிரி செவப்பா வளையம் விழுந்திருக்கு. எவ்ளோ திட்டியும் விடமாட்டேங்கிறான்.

பதில்: தயவுசெஞ்சு திட்டாதீங்க, காயும்போது நாக்கு தானா போகும், அவன் வேணும்னு பண்ணல, திட்டத் திட்ட பதட்டத்துல இன்னும்தான் நக்குவான். எச்சில் பட்டா ஒரு நிமிஷம் இதமா இருக்கும், அப்புறம் அது காயும்போது உதட்டுல இருந்த ஈரத்தையும் சேர்த்து இழுத்துட்டு போயிடும். அதோட எச்சில்ல சாப்பாட்டை செரிக்க வைக்கிற என்சைம்கள் இருக்கு, புண்ணான தோல்ல அது திரும்பத் திரும்ப பட்டா எரியாம என்ன செய்யும்? நாக்கு எவ்ளோ தூரம் எட்டுதோ அவ்ளோ தூரத்துக்குத்தான் அந்த வளையமும் இருக்கும், கவனிச்சுப் பாருங்க.

சாப்பிடுறதுக்கு முன்னாடி, வெளிய விளையாடப் போறப்ப, தூங்கும்போது, உதட்டுக்கும் அந்த வளையத்துக்கும் சேர்த்து ஜெல்லி தடவி விடுங்க. ஸ்ட்ராபெரி, சாக்லேட் வாசனை வர்ற லிப் பாம் வேண்டவே வேண்டாம், ருசிக்காகவே நக்குவான். வீட்டுல கிடக்கிற ஸ்டீராய்டு க்ரீமை எடுத்து வாயைச் சுத்தி பூசிடாதீங்க, அது வேற மாதிரி பொரிப்பொரியா கிளப்பிவிடும். தேவைன்னா டாக்டரே சரியான மருந்து, எத்தனை நாள்னு சொல்லி கொடுப்பார்.

கேள்வி: உரிஞ்சு நிக்கிற தோலை பிய்க்கலாமா? சர்க்கரை வச்சு ஸ்க்ரப் பண்ணலாமா?

பதில்: ரெண்டும் வேண்டாம். கீழ இன்னும் ஆறாத தோல் இருக்கு, பிய்ச்சா ரத்தம்தான் வரும். ஜெல்லி போட்டு ஊறவிட்டா செத்த தோல் குளிக்கும்போது தானா வந்துடும்.

கேள்வி: பகல்ல பரவாயில்ல, காலையில எழுந்திருக்கும்போதுதான் உதடு வெடிச்சு ரத்தம் வருது.

பதில்: தூக்கத்துல வாயால மூச்சு விடுறீங்களான்னு பக்கத்துல படுக்கிறவங்ககிட்ட கேளுங்க. மூக்கடைப்பு இருந்தா முதல்ல அதுக்கு வைத்தியம் பாருங்க. ஏசியோ ஹீட்டரோ நேரா முகத்துல அடிச்சா இடம் மாத்திப் படுங்க, ரூம்ல ஹ்யூமிடிஃபையர்னு காத்துல ஈரம் சேர்க்கிற மெஷின் வச்சா இன்னும் நல்லது.

கேள்வி: வாயோட ரெண்டு ஓரமும் வெடிச்சு, கொட்டாவி விட்டாகூட வலிக்குது. வைட்டமின் குறைவுன்னு சொல்லி மாத்திரை சாப்பிடுறேன், குறையவே இல்ல.

பதில்: ஓரத்துல எச்சில் தேங்கி ஊறும்போது அங்க கேண்டிடான்னு ஒரு பூஞ்சையோ பாக்டீரியாவோ புகுந்துக்கும், பல்செட் சரியா பொருந்தாதவங்களுக்கு இது அடிக்கடி வரும். இரும்புச்சத்து, பி வைட்டமின் குறைஞ்சாலும் வரலாம்தான், ஆனா அதை ரத்தப் பரிசோதனை பார்த்து முடிவு பண்ணணும். பூஞ்சைன்னா அதுக்குன்னு தனி க்ரீம் இருக்கு, வெறும் ஜெல்லியாலயும் மாத்திரையாலயும் அது போகாது.

கேள்வி: பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை ஆரம்பிச்சதிலேருந்து உதடு பாளம் பாளமா உரியுது. நிறுத்திடவா?

பதில்: நீங்களா நிறுத்தாதீங்க. அந்த மாத்திரை சாப்பிடுற கிட்டத்தட்ட எல்லாருக்குமே உதடு காயும். நாள் முழுக்க ஜெல்லி கையில இருக்கட்டும், தாங்க முடியலேன்னா டாக்டர்கிட்ட சொல்லுங்க, அளவை மாத்தித் தருவார்.

கேள்வி: அப்பா வெயில்ல வேலை பார்க்கிறவர். கீழ் உதடு பல மாசமா சொரசொரன்னு, அங்கங்க வெள்ளையா திட்டு மாதிரி இருக்கு. வலி இல்ல, அதனால கண்டுக்க மாட்டேங்கிறார்.

பதில்: இந்தக் கேள்விக்கு மட்டும் வீட்டு வைத்தியம் எதுவும் சொல்லமாட்டேன். வெயில் அதிகமா படுறது கீழ் உதட்டுலதான், பல வருஷம் பட்டுப் பட்டு இந்த மாதிரி ஆறாத சொரசொரப்பு வர்றதுண்டு, கவனிக்காம விட்டா சிலருக்கு அது புற்றுநோயா மாறக்கூடும். வலி இல்லைங்கிறதை நம்பி தள்ளிப்போட வேண்டாம், தோல் டாக்டர் பார்த்துட்டு தேவைன்னா துளி சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்புவார். இனிமே வேலைக்குப் போகும்போது அகலமான தொப்பியும், எஸ்பிஎஃப் (வெயிலைத் தடுக்கிற அளவு) 30க்கு குறையாத லிப் பாமும் இருக்கட்டும், 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை, சாப்பிட்டு வாய் துடைச்சதும் ஒரு தடவை திரும்பப் போடச் சொல்லுங்க. ஆனா முதல்ல டாக்டர், இந்த வாரமே கூட்டிட்டுப் போயிடுங்க.