பூபேன் கக்கரின் சிரிப்பு

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் கட்டுரையில் பூபேன் கக்கரைப் பெரிய கலைஞர் என்று எழுதியிருந்தீர்கள். இணையத்தில் தேடிப் பார்த்தேன். தையல்காரர், வாட்ச் ரிப்பேர் கடைக்காரர், கழுதைக் கதை. சிரிப்பு வந்தது. ஆனால் எல்லாம் காலண்டர் படம் மாதிரி இருக்கிறது. கை கால் அளவுகூடச் சரியில்லை. வேடிக்கைப் படம் வரைந்தவரை இவ்வளவு கொண்டாட வேண்டுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

காலண்டர் படம் மாதிரி என்பது சரியான கவனிப்பு. கடைகளில் விற்கும் சாமி படங்களை வெட்டி ஒட்டித்தான் 1960களில் அவர் தொடங்கினார். பம்பாயில் பிறந்த சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட். 1962இல் பரோடாவுக்குப் போய்ச் சேர்ந்ததும் கலை விமர்சனப் படிப்பில்தான். அப்புறம் பல வருடங்கள் பகுதிநேரமாகக் கணக்கு எழுதிக்கொண்டே வரைந்தார். முறையாகப் படிக்காமல் தானாகவே வரையக் கற்ற பிரெஞ்சு ஓவியர் ஹென்றி ரூசோவையும், கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் வெள்ளைக்காரர்களுக்காக நம் ஓவியர்கள் வரைந்த படங்களையும் ரசித்த கண் அவருடையது. நீங்கள் குறை சொல்லும் அந்த விறைத்த கை கால்கள் அங்கிருந்து வந்தவை.

'ஜனதா வாட்ச் ரிப்பேரிங்' 1972இல் வரைந்தது. சின்னக் கடை வைத்துப் பிழைக்கிற மனிதரை நம் நவீன ஓவியம் அதுவரை பெரிதாகச் சீண்டவில்லை. கக்கர் அவரைப் படத்தின் நாயகனாக்கினார். பார்த்தால் சிரிப்பு வருகிறது, இளக்காரம் வருவதில்லை. இது எல்லோருக்கும் கைவராது.

கழுதைப் படத்தை இன்னொரு முறை பாருங்கள். 'எல்லோரையும் திருப்திப்படுத்த முடியாது', 1981. அப்பாவும் மகனும் ஊர்ப்பேச்சைக் கேட்டுக் கேட்டு அல்லாடும் கதை தெருவில் நடக்கிறது. மாடியில் ஒருவர் பொட்டுத் துணியில்லாமல், நமக்கு முதுகைக் காட்டி அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அது கக்கரேதான். தான் ஆண்களை நேசிப்பவன் என்பதை அவர் வெளிப்படையாக வரைய ஆரம்பித்த நேரம் அது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு அப்போது ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக வைத்திருந்தது. ஊர் என்ன சொல்லுமோ என்ற பயத்தை எத்தனை பேர் இப்படி நேரே நின்று பார்த்திருக்கிறார்கள்? எனக்கு அந்த முதுகைப் பார்க்கும்போதெல்லாம் அவர் மேல் மரியாதை கூடுகிறது.

2016இல் லண்டனின் டேட் மாடர்ன் கலை அருங்காட்சியகம் இந்தக் கழுதைப் படத்தின் தலைப்பிலேயே அவருக்குப் பெரிய கண்காட்சி வைத்தது.

கடைசி வருடங்களில் புற்றுநோய். 2003இல் இறந்தார். நோயின் நடுவே 1999இல் வரைந்த ஒரு படத்துக்கு 'நாள் முடிவில் இரும்புக் கட்டிகள் வெளியே வந்தன' என்று பெயர் வைத்தார். கழிக்க உட்கார்ந்த உடம்பின் வேதனை அது. சிரிப்பும் வலியும் அதில் ஒன்றாகவே கிடக்கின்றன. அதையும் தேடிப் பாருங்கள். அப்போதும் வெறும் வேடிக்கை என்றே பட்டால் எழுதுங்கள், பேசுவோம்.