கார்டு உள்ளே போகிறது, கேமரா ஏற்க மறுக்கிறது

ஒளிப்படக்கலை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அப்பா 2006ஆம் ஆண்டில் வாங்கிய சிறிய டிஜிட்டல் கேமரா பீரோவில் கிடந்தது; பேட்டரி போட்டதும் இயங்கத் தொடங்கிவிட்டது. அதிலிருந்த மெமரி கார்டு படங்களால் நிறைந்திருந்ததால், திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கடையில் 64 ஜி.பி. எஸ்.டி. கார்டு வாங்கிப் போட்டேன். கார்டு சரியாக உள்ளே உட்காருகிறது. ஆனால் திரையில் ‘கார்டு எரர்’ என்றே வருகிறது. கேமராதான் பழுது என்கிறார் கடைக்காரர். அவர் சொல்வது சரியா?
– ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: பழைய கார்டை மறுபடியும் போட்டுப் பாருங்கள். அப்பா எடுத்த படங்கள் திரையில் தெரிந்தால் கேமராவில் பழுது ஏதும் இல்லை. நீங்கள் வாங்கிய கார்டு அந்தக் கேமராவின் காலத்துக்குப் பிந்தையது, அவ்வளவுதான்.

எஸ்.டி. கார்டு 1999இல் பானசோனிக், சான்டிஸ்க், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து உருவாக்கியது. 32 மி.மீ. நீளம், 24 மி.மீ. அகலம், 2.1 மி.மீ. கனம் என்ற அதன் உடலளவு இன்றுவரை மாறவில்லை. மாறியதெல்லாம் உள்ளே இருக்கும் ஒழுங்குமுறை. முதலில் வந்த சாதாரண எஸ்.டி. கார்டு 2 ஜி.பி.யோடு நின்றது. 2006இல் வந்த எஸ்.டி.எச்.சி. 32 ஜி.பி. வரை வளர்ந்தது. 2009இல் வந்த எஸ்.டி.எக்ஸ்.சி. அதற்கு மேல் 2 டி.பி. வரை செல்லக்கூடியது. உங்கள் 64 ஜி.பி. கார்டு இந்த மூன்றாவது வகை. புதிய கேமரா பழைய வகைக் கார்டை ஏற்கும். பழைய கேமரா புதிய வகையை ஏற்காது. மூன்றும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருப்பதால்தான் கடைக்காரர்களும் இதில் தடுமாறுகிறார்கள்.

கணினியில் ‘ஃபேட்32’ என்ற கோப்பு அடுக்கும் முறையில் ஃபார்மட் செய்துவிட்டால், அதாவது கார்டைத் துடைத்துப் புதிதாக ஒழுங்குபடுத்திவிட்டால், எந்தக் கார்டும் வேலை செய்யும் என்று உங்களிடம் யாராவது சொல்லக்கூடும். எஸ்.டி.எச்.சி. வரை ஏற்கிற சில கேமராக்களில் அப்படி நடப்பதுண்டு, ஆனால் அதற்கு உத்தரவாதம் கிடையாது. 2 ஜி.பி.யோடு நின்றுவிட்ட கேமராவிலோ அது நடக்கவே நடக்காது. முதல் வகைக் கார்டில் ஒவ்வொரு பைட்டுக்கும் தனித்தனியே முகவரி எண் உண்டு. பிந்தைய வகைகளில் 512 பைட்டுகள் கொண்ட ஒரு கட்டுக்குத்தான் ஓர் எண். வீட்டுக்கு வீடு கதவிலக்கம் பார்த்துப் பழகிய தபால்காரரிடம் தெருவுக்கு ஒரே எண் எழுதிய கடிதத்தைக் கொடுத்தால் அவர் என்ன செய்வார்? ஃபார்மட் செய்வது கடிதத்தை வேறு உறையில் போடுவது போன்றதுதான்.

உங்கள் கேமரா எதுவரை ஏற்கும் என்பதைக் கார்டு நுழையும் மூடியின் உட்புறத்திலோ அதன் அருகிலோ அச்சிட்டிருப்பார்கள். எஸ்.டி. முத்திரைக்குக் கீழே ‘எச்.சி.’ என்ற எழுத்துகள் இருந்தால் 8 அல்லது 16 ஜி.பி. கார்டு வாங்குங்கள். அவை இல்லையென்றால் 2 ஜி.பி.க்கு மேல் போகாதீர்கள். முத்திரையே தேய்ந்திருந்தால் கேமராவின் மாடல் எண்ணைக் கொண்டு, தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்தில் கையேட்டைத் தேடலாம். 2 ஜி.பி. குறைவென்று கவலைப்பட வேண்டாம். ஆறு மெகாபிக்சல் கேமராவில் ஒரு படம் சுமார் 3 எம்.பி. என்று வைத்துக்கொண்டாலும் அறுநூறுக்கு மேல் எடுக்கலாம், வீட்டு விசேஷம் ஒன்றுக்கு அது தாராளம்.

புதிய 2 ஜி.பி. கார்டு கடைகளில் எளிதில் அகப்படாது என்பது உண்மைதான். புதுச்சேரி காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமை கூடும் சந்தையில் பழைய மின்பொருட்களுக்கு நடுவே ஒன்று கண்ணில் பட்டாலும் படலாம். போகும்போது கேமராவைக் கையோடு எடுத்துச் சென்று, அங்கேயே பத்துப் படங்கள் எடுத்துப் பார்த்தபின் காசு கொடுங்கள். என்னைக் கேட்டால், அவ்வளவு அலைச்சல்கூடத் தேவையில்லை. கையிலிருக்கும் பழைய கார்டிலுள்ள படங்களைக் கார்டு ரீடர் வழியாகக் கணினியில் ஏற்றி, இன்னொரு பிரதியும் எடுத்துவிட்டு, அதே கார்டைக் கேமராவிலேயே ஃபார்மட் செய்து பயன்படுத்துங்கள். அப்பாவின் படங்கள் இரண்டு இடங்களில் பத்திரமாக இருக்கின்றன என்று உறுதியாகும்வரை அந்த ஃபார்மட் பொத்தானைத் தொட வேண்டாம்.

கேள்வி: வீராம்பட்டினம் தேரோட்டத்தை 4கே வீடியோவாக எடுக்க முயன்றேன். சில நொடிகளில் பதிவு தானாகவே நின்றுவிட்டது. கார்டின் மேல் ‘170 எம்.பி.’ வேகம் என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. கேமரா நொடிக்கு 100 மெகாபிட் பதிவு செய்யும் என்று கையேடு சொல்கிறது. 170 இருக்க, 100 ஏன் முடியவில்லை?
– ஒரு வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: நீங்கள் ஒப்பிடும் இரண்டு எண்களும் ஒரே அளவையில் இல்லை. கேமரா சொல்வது மெகாபிட். கார்டு சொல்வது மெகாபைட் (எம்.பி.). எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால் உங்கள் கேமராவுக்கு நொடிக்கு 12.5 எம்.பி. எழுதும் வேகம் இருந்தால் போதும். அப்படிப் பார்த்தால் 170 ஏராளம் அல்லவா என்று கேட்பீர்கள். அந்த 170 என்பது கார்டிலிருந்து படிக்கும் உச்ச வேகம். அதிலும் அதற்கென்றே செய்த ரீடரில் செருகினால்தான் அது கிடைக்கும். கார்டும் கேமராவும் தரவைப் பரிமாறும் யூ.எச்.எஸ். என்ற பாதையின் முதல் தலைமுறைக்கு எல்லையே நொடிக்கு 104 எம்.பி.தான்.

தேரோட்டம் நடக்கும்போது உங்களுக்கு வேண்டியது உச்ச வேகமல்ல, எந்த நொடியிலும் இதற்குக் கீழே இறங்கமாட்டேன் என்று கார்டு கொடுக்கும் எழுதும் வேக உறுதி. அது கார்டில் சிறிய எழுத்தில்தான் இருக்கும். ‘சி’ என்ற ஆங்கில எழுத்தின் வளைவுக்குள் 10 என்றிருந்தால் நொடிக்கு 10 எம்.பி.; ‘யூ’ எழுத்துக்குள் 1 என்றிருந்தாலும் அதே 10, 3 என்றிருந்தால் 30. ‘வி’ எழுத்துக்குப் பக்கத்தில் வரும் 30, 60, 90 ஆகிய எண்கள் அப்படியே எம்.பி. கணக்கு. உங்கள் கார்டில் ‘யூ’வுக்குள் 1தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். 10க்கு உறுதி தரும் கார்டிடம் 12.5 கேட்டால், ஓட முடிந்தவரை ஓடிவிட்டு நின்றுவிடும்.

ஆகவே வி30 அல்லது யூ3 குறியுள்ள கார்டு வாங்குங்கள். நொடிக்கு 400 மெகாபிட் பதிவு செய்யும் கேமராவாக இருந்தால் கணக்கு 50 எம்.பி. ஆகிறது, அதற்கு வி60 வேண்டும். வி90 கார்டை உங்களுக்கு விற்கப் பார்ப்பார்கள். அது பின்பக்கத்தில் இரண்டு வரிசைத் தொடுமுனைகள் கொண்ட யூ.எச்.எஸ். இரண்டாம் தலைமுறைக் கார்டு. கேமராவின் உள்ளேயும் அதற்கேற்ற இரண்டாம் வரிசை இல்லையென்றால், விலை கொடுத்த வேகம் பயன்படாமல் பழைய வேகத்திலேயே ஓடும். ‘ஏ1’, ‘ஏ2’ என்ற குறிகள் கைபேசியில் செயலிகளை இயக்குவதற்கானவை, உங்களுக்கு அவற்றால் பயனில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரே 256 ஜி.பி. கார்டுக்குப் பதிலாக இரண்டு 128 ஜி.பி. கார்டுகளாக வாங்குங்கள். வைத்திக்குப்பம் கடற்கரையில் ஒரு மாசி மகத்தன்று விடியற்காலையிலிருந்து நான் எடுத்த படங்கள் முழுவதும் ஒரே கார்டில் இருந்தன. அந்தக் கார்டு உச்சிவேளையில் செத்துப்போனது.

கேள்வி: 64 ஜி.பி. கார்டைக் கணினியில் போட்டால் 59 ஜி.பி. என்றுதான் காட்டுகிறது. ஏமாற்றப்பட்டேனா?
– ஒரு வாசகர், நெய்வேலி

பதில்: இல்லை. தயாரிப்பாளர் நூறு கோடி பைட்டை ஒரு ஜி.பி. என்கிறார், விண்டோஸ் 107 கோடியே 37 லட்சத்துச் சொச்சம் பைட்டை ஒரு ஜி.பி. என்கிறது. 64ஐ இப்படி மாற்றினால் ஏறத்தாழ 59.6 வரும்.

கேள்வி: ஊசுட்டேரியில் பறவைகளைப் படமெடுப்பவன் நான். மிகக் குறைந்த விலைக்கு 512 ஜி.பி. மைக்ரோ எஸ்.டி. கார்டு ஒன்று வாங்கி, அடாப்டரில் செருகிப் பயன்படுத்தினேன். முதல் சில நூறு படங்கள் நன்றாக வந்தன. அதற்குப் பிறகு எடுத்தவை பாதி சாம்பல் நிறமாகவோ, திறக்க முடியாமலோ இருக்கின்றன. மீட்க வழி உண்டா?
– ஒரு வாசகர், வில்லியனூர்

பதில்: நெய்வேலி வாசகருக்கு ‘இல்லை’ என்றேன், உங்களுக்கு ‘ஆம், ஏமாற்றப்பட்டீர்கள்’ என்று சொல்ல வேண்டியிருக்கலாம். நீங்கள் விவரிக்கும் அறிகுறி போலிக் கார்டுக்குரியது. உள்ளே 16 அல்லது 32 ஜி.பி. சில்லை வைத்துவிட்டு, அதன் கட்டுப்பாட்டுப் பகுதி ‘நான் 512’ என்று கேமராவிடம் பொய் சொல்லும்படி செய்திருப்பார்கள். கேமரா அதை நம்பி எழுதிக்கொண்டே போகும். உண்மையான கொள்ளளவு முடிந்தபின் எழுதியவை எங்கும் பதிவாகாமல் போகும், அல்லது முன்னே எழுதியதன் மேலேயே விழும். பதிவாகாத படங்களை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. திறக்கிற படங்களை உடனே பிரதியெடுங்கள். அந்தக் கார்டில் இனி ஒரு படம்கூட எடுக்காதீர்கள்.

அடாப்டர் உபாயத்தையும் நான் ஊக்குவிப்பதில்லை. பறவை பறக்கும்போது அடுக்கடுக்காக எடுக்கும் வேகத்துக்குக் கார்டுக்கும் கேமராவுக்கும் இடையே மேலும் ஓர் இணைப்பு இருப்பது நல்லதல்ல. உப்புக்காற்று வீசும் நம் பக்கத்தில் தொடுமுனைகள் எளிதில் மங்கிவிடுகின்றன. முழு அளவு எஸ்.டி. கார்டையே, ரசீதோடு வாங்குங்கள். வாங்கிய அன்றே கணினியில் செருகி, விண்டோஸ் என்றால் ‘எச்2டெஸ்ட்டபிள்யூ’, லினக்ஸ் அல்லது மேக் என்றால் ‘எஃப்3’ என்ற இலவச மென்பொருளை ஓடவிடுங்கள். கார்டு முழுவதும் எழுதி, எழுதியதை மீண்டும் படித்துச் சரிபார்க்கும். பெரிய கார்டுக்குச் சில மணி நேரம் பிடிக்கும் என்பதால் இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போகலாம். காலையில் பிழை காட்டினால், ஏரிக்குப் போவதற்குமுன் கடைக்குப் போங்கள்.