நிறுவனம் கைமாறுகிறது, என் சீனியாரிட்டி என்ன ஆகும்?

கேள்வி: ஒரு சிறிய விமான நிறுவனத்தில் ஒன்பது ஆண்டுகளாகத் துணை விமானியாக இருக்கிறேன். அடுத்த ஆண்டு கேப்டன் பதவி உயர்வுக்குக் காத்திருந்தேன். இப்போது ஒரு பெரிய நிறுவனம் எங்களை வாங்குகிறது. புதிய நியமனக் கடிதத்தில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். என் சீனியாரிட்டி நிலைக்குமா? வேலை போய்விடுமா?

பதில்: கையெழுத்தை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். முந்தைய பணிக்காலம் தொடரும் என்று அந்தக் கடிதத்தில் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், கையெழுத்திட்ட நாளில்தான் நீங்கள் வேலைக்குச் சேர்ந்தீர்கள் என்று பின்னால் வாதாட அவர்களுக்கு இடம் கிடைத்துவிடும்.

அடுத்து, எந்த வகையில் வாங்குகிறார்கள் என்று கேளுங்கள். பங்குகளை மட்டும் வாங்கினால் உங்களை வேலைக்கு வைத்த நிறுவனம் மாறுவதில்லை, பழைய ஒப்பந்தம் அப்படியே இருக்கும். தொழிலையே மாற்றி எடுத்துக்கொண்டால் நாட்டுக்கு நாடு விதி வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2001ஆம் ஆண்டு ஆணைப்படி வேலை ஒப்பந்தமும் கூடவே புதியவரிடம் போகும். கைமாறியதையே காரணமாகக் காட்டி ஒருவரை நீக்க முடியாது. ஆனால் பொருளாதார, தொழில்நுட்ப, நிர்வாகக் காரணம் காட்டி ஆள்குறைப்பு செய்ய வழி உண்டு. நிறுவனம் திவாலில் இருந்தால் பாதுகாப்பு இன்னும் குறையும்.

சீனியாரிட்டிதான் இதில் பெரிய விஷயம். கேப்டன் இருக்கை, எந்த ரக விமானம், எந்த பேஸ் (எந்த ஊரிலிருந்து பணி), ரோஸ்டர் (பணி அட்டவணை), விடுமுறை, ஆள்குறைப்பில் யார் முதலில் வெளியே போவது, எல்லாமே விமானிகளின் சீனியாரிட்டி பட்டியலில் உங்களுக்கு இருக்கும் அந்த ஒரு எண்ணைப் பிடித்துத்தான் நடக்கும். பெரும்பாலும் அந்த எண் யூனியனும் நிர்வாகமும் போட்ட ஒப்பந்தத்தில் பிறந்தது. அதனால் அப்படியொரு ஒப்பந்தத்திலேயே அதைத் தொலைக்கவும் முடியும்.

அமெரிக்காவில் 2001இல் திவாலில் இருந்த டிடபிள்யூஏ (டிரான்ஸ் வேர்ல்ட் ஏர்லைன்ஸ்) நிறுவனத்தை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் வாங்கியது. ஒப்பந்தத்தில் சீனியாரிட்டிக்கு இருந்த பாதுகாப்புப் பிரிவை டிடபிள்யூஏ விமானிகள் தரப்பு விட்டுக்கொடுத்தது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பட்டியலின் அடியில் ஒட்டப்பட்டார்கள். செப்டம்பர் 11க்குப் பிறகு வந்த ஆள்குறைப்பில் அவர்களே பெருமளவில் வெளியேறினார்கள். தங்கள் யூனியன் நியாயமாகப் பிரதிநிதித்துவம் செய்யவில்லை என்று அவர்கள் போட்ட வழக்கில் 2011இல் ஜூரி அவர்கள் பக்கம் நின்றது. பட்டியலில் இழந்த இடம் மட்டும் திரும்பவில்லை. இந்த அனுபவத்தால்தான் 2007இல் அமெரிக்காவில் மக்காஸ்கில்-பாண்ட் சட்டம் வந்தது. நியாயமான முறையில் இரு நிறுவனங்களின் பட்டியல்களை இணைக்க வேண்டும், உடன்பாடு வராவிட்டால் நடுவரிடம் போக வேண்டும் என்கிறது அது.

நடுவரிடம் போனாலும் சேர்ந்த தேதி மட்டுமே ஜெயிக்கும் என்று நம்பாதீர்கள். யுஎஸ் ஏர்வேஸ், அமெரிக்கா வெஸ்ட் என்ற இரு விமான நிறுவனங்கள் 2005இல் இணைந்தபோது, நடுவர் ஜார்ஜ் நிக்கோலாவ் 2007இல் தந்த தீர்ப்பில், இணைப்பின்போது ஆள்குறைப்பில் வெளியே இருந்த விமானிகள் நீண்ட சர்வீஸ் இருந்தும் பட்டியலின் அடிக்குப் போனார்கள். அந்தச் சண்டை பல ஆண்டுகள் நீதிமன்றத்தில் ஓடியது. என்னைக் கேட்டால், தேதி மட்டும் சரியான அளவுகோல் இல்லை. வேகமாக வளரும் நிறுவனத்தில் ஐந்தே ஆண்டில் கேப்டன் ஆனவர் இன்னொருவரின் பழைய தேதியால் இருக்கை இழப்பதும் அநியாயம்தானே? அதனால்தான் பதவி, விமான ரகம், சர்வீஸ் மூன்றையும் கலந்து விகிதம் போடுகிறார்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். அடுத்த ஆண்டு வரவேண்டிய கேப்டன் இருக்கையை வாதமாக வைக்க முடியும். அதற்கு இணைப்பு அறிவித்த நாளில் உங்கள் நிறுவனத்தில் எத்தனை கேப்டன்கள் ஓய்வுக்கு நெருங்கியிருந்தார்கள், எத்தனை விமானங்கள் ஆர்டரில் இருந்தன என்ற விவரம் வேண்டும். அதை இப்போதே யூனியனிடம் கொடுங்கள். குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு உங்கள் பேஸும் இருக்கைகளும் உங்கள் ஆட்களுக்கே என்ற வேலிப் பிரிவையும், ஆள்குறைப்பு இல்லை என்ற உறுதியையும் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். வரைவுப் பட்டியல் வந்ததும் உங்கள் சேர்ந்த தேதியையும், மருத்துவ விடுப்பு, பயிற்சி இடைவெளி எதுவும் தப்பாகக் கழிக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் சரிபாருங்கள். ஆட்சேபம் சொல்ல நாட்கள் குறைவு, அது தாண்டினால் திருத்துவது கஷ்டம்.

கடிதத்துக்குக் கெடு வைத்திருந்தால், "என் முந்தைய சர்வீஸும் பணிமூப்பும் தொடரும் என்பதை உறுதிசெய்தால் கையெழுத்திடத் தயார்" என்று கெடுவுக்கு முன்பே எழுதி அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சியை வாங்கி வையுங்கள். அவர்கள் என்ன பதில் சொல்கிறார்கள் என்பதை வைத்து, பழைய யூனியன் ஒப்பந்தத்துடன் உங்கள் ஊர்த் தொழிலாளர் சட்ட வழக்கறிஞரைப் பாருங்கள்.