மகுடத்தைக் கழற்றிவிட்டு ஆட வேண்டும் என்கிறாள் மகள்

அன்புச் சகோதரிக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தை முதல் தடவை படித்தபோது, இதுவும் பணக் கவலைதான் என்று நினைத்தேன். மறுபடி படித்தபோதுதான் நடுவில் ஒரு வரி கண்ணில் பட்டது: "பத்து வருஷம் கற்றதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, தரையில் உருண்டு புரள்வதை நடனம் என்கிறாள்." உங்களை உறுத்துவது அதுதான் இல்லையா? "இதில் சோறு கிடைக்குமா" என்று வீட்டுக்காரர் கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் இந்த வரி.

மகளுக்கு ஏழு வயது இருக்கும்போது, கம்போடியத் தலைநகர் புனோம் பென்னில் பரதம் சொல்லித்தர ஆள் அகப்படாமல், "சரி, இதாவது கற்கட்டும்" என்று பக்கத்துத் தெரு ஆசிரியையிடம் கெமர் நடனத்துக்கு, அதாவது அந்த நாட்டுச் செவ்வியல் நடனத்துக்கு, விட்டிருக்கிறீர்கள். இப்போது அவளுக்குப் பதினேழு. ஏ லெவல் படிக்கிறாள். ஒரு பயிற்சிப் பட்டறைக்குப் போய்வந்தவள், இனி சமகால நடனம்தான் என்று நிற்கிறாள். ஆசிரியைக்கு முகம் கொடுக்க உங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் உங்கள் ஊரில் ஒரு நடன வகுப்பின் மூலையில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்திருந்தேன். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள். இடுப்பில் சம்போட் சாங் க்பென். நம் பஞ்சகச்சத்தின் தங்கை மாதிரி இருக்கும் அது. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கை விரல்களை மறு கையால் பின்பக்கமாக வளைத்துப் பிடித்தபடி எண்ணிக்கொண்டிருந்தது. ஆசிரியை ஒரு சிறுமியின் பின்னால் மண்டியிட்டு, தன் முழங்காலை அவள் முதுகுக்கு முட்டுக்கொடுத்து, இரண்டு தோள்களையும் மெல்ல இழுத்தார். சிறுமி பல்லைக் கடித்துக்கொண்டாள். அழவில்லை. அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் ஒற்றைக்காலில் நின்று, மற்றக் காலை மடக்கிப் பின்னால் தூக்கி, உள்ளங்காலை வானத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். அப்படி நின்றால் பறக்கிறாள் என்று பொருள். நகராமல் நின்றுகொண்டே பறப்பதற்கு எவ்வளவு கால்பலம் வேண்டும் என்பது அவள் தொடை நடுங்கியதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

உங்கள் மகள் பத்து வருடம் இதைச் செய்திருக்கிறாள். பின்னுக்கு வளையும் அந்த முழங்கையை அவளே நினைத்தாலும் தூக்கிப் போட முடியாது. பழைய நடனம் அவள் எலும்பில் ஏறிவிட்டது. அவள் தரையில் உருண்டாலும் எழும்போது விரல்கள் அந்தப் பழைய வளைவில்தான் விரியும். கம்போடியாவில் சமகால நடனம் என்று எடுத்துச் சொல்லும்படி நடந்ததில் பெரும்பகுதி இப்படிப்பட்ட உடம்புகளிலிருந்து வந்ததுதான். அங்கே அதற்கு 'சஹசமய்' என்று பெயர். நம் 'சமயம்', அதாவது காலம், அதற்குள் இருக்கிறது பாருங்கள். ஒரே காலத்தில் சேர்ந்து இருப்பது என்று பொருள் விரிக்கலாம்.

ஆசிரியையின் வருத்தத்தையும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் ஆட்சியில் அரண்மனை நடனக்காரர்களும் இசைக்காரர்களும் பத்தில் ஒன்பது பேர் மாண்டார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. இந்த நடனத்துக்குப் பாடப்புத்தகம் கிடையாது. ஆசிரியர் உடம்புதான் புத்தகம். ஆசிரியர் போனால் அந்த அத்தியாயமும் போயிற்று. மிஞ்சியவர்களில் ஒருவர் சியா சமி. சின்ன வயதிலேயே அரண்மனையில் ஆட வந்தவர். அந்தக் காலத்தில் பொதுச் சமையல்கூடத்தில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்துத்தான், கெமர் ரூஜின் தலைவரான போல் போட் தன் கணவரின் சொந்தத் தம்பி என்றே அவருக்குத் தெரிந்தது. அந்த ஆட்சி விழுந்த பிறகு, நுண்கலைப் பள்ளி மறுபடி திறந்தபோது, அவரும் மற்றச் சிலரும் உட்கார்ந்து, உனக்கு எந்த அடி நினைவிருக்கிறது, எனக்கு எது நினைவிருக்கிறது என்று ஒட்டுப்போட்டுத்தான் இந்த நடனத்தை மீட்டார்கள். 2003இல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் வாய்மொழி, புலனாகா மரபின் தலைசிறந்த படைப்புகளில் ஒன்றாக அறிவித்தது. 2008இல் அதன் பட்டியலில் சேர்ந்தது. அப்படிப் பொறுக்கிச் சேர்த்ததை ஒரு பிள்ளை 'மாற்றுகிறேன்' என்றால், ஆசிரியைக்கு வயிறு கலங்கத்தான் செய்யும்.

ஆனால் மாற்றியவர்களும் அந்தப் பள்ளியில் படித்த பிள்ளைகள்தான். சோபிலின் சியாம் ஷாப்பிரோ அந்த ஆட்சிக்குப் பிறகு படித்து வெளிவந்த முதல் தலைமுறை. 1991இல் அமெரிக்கா போனார். 2000இல் ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோ கதையை எடுத்து 'சம்ரிதேசாக்' என்று கெமர் செவ்வியல் மொழியிலேயே அமைத்தார். மகுடம், முத்திரை, பின்பீட் வாத்தியக் குழு எல்லாம் அப்படியே இருந்தன. கதையும் கேள்வியும் மட்டும் புதுசு. 2005இல் 'சீசன்ஸ் ஆஃப் மைக்ரேஷன்' என்று ஒன்று செய்தார். புது நாட்டுக்குப் போகிறவர் மனம் படும் நான்கு கட்டங்கள்தான் அதன் பொருள். அதில் ஒரு நாகம், தன் வாலையே தன்னிடமிருந்து பிய்த்து எறியப் பார்க்கும். ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. உங்கள் மகளுக்கு அந்த வால் எது என்று ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டுப்பாருங்கள். பதில் உங்களை ஆச்சரியப்படுத்தலாம், கொஞ்சம் சுடவும் செய்யலாம்.

இன்னொரு வழி அம்ரிதா நிகழ்கலைக் குழு. 2003இல் புனோம் பென்னில் தொடங்கியது. முதலில் பழைய நடனங்களை மீட்கும் வேலைதான். போகப்போக இளம் ஆட்டக்காரர்கள் சொந்தமாகச் செய்யத் தொடங்கினார்கள். அதை வழிநடத்திய செய் சன்கெத்யா சிறு வயதிலிருந்தே செவ்வியல் கற்றவர். 'மை மதர் அண்ட் ஐ' என்ற அவருடைய தனி நிகழ்ச்சி, தாயோடும் நடன ஆசிரியையோடும் தனக்குள்ள உறவைப் பற்றியது. தாயும் குருவும் சேர்ந்து ஒரு பெண்ணை எப்படி வளைக்கிறார்கள் என்பதுதான் விஷயம், விரலை வளைப்பது போலவே. நீங்களும் மகளும் சேர்ந்து பார்க்க வேண்டிய ஒன்று. கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. பிரம்சோதுன் ஒக் கலிபோர்னியாவில் பிறந்தவர். 2015இல் புனோம் பென்னில் தன்பாலின ஈர்ப்புள்ள ஆண்களைக் கொண்டு 'நாட்யரஸ' என்ற குழுவைத் தொடங்கினார். பெண்களே ஆடி வந்த பாத்திரங்களை அங்கே ஆண்கள் ஆடுகிறார்கள். சியம் ரீப்பில் 'நியூ கம்போடியன் ஆர்ட்டிஸ்ட்ஸ்' என்ற முழுக்கப் பெண்களின் சமகால நடனக் குழுவும் உருவானது.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு விஷயம் சொல்லியிருந்தீர்கள். மகளுக்கு ஆசிரியை கொடுத்தது யேக் பாத்திரம், அதாவது அரக்கன் வேடம். "அழகான நீயாங் (பெண்) வேடம் கிடைக்கவில்லையே" என்று அன்று வருத்தப்பட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். வருத்தமே வேண்டாம். பெண், ஆண், அரக்கன், குரங்கு என்று நான்கு பாத்திரங்களில், அகலக் காலூன்றி, தாழ்ந்து நின்று ஆடும் யேக்கின் தொடையும் இடுப்பும் தரை வேலைக்கு நல்ல அஸ்திவாரம். அதுவும் போக, கோடரி வீசும் யேக்கான ரீம் எய்சோவைப் பளிங்குக் கோளால் கண் கூச வைத்துத் தப்பிக்கும் கடல் தெய்வம் யார் தெரியுமா? மோனி மேகலா. கோளின் ஒளி மின்னல், கோடரி இடி. மழை வேண்டி ஆடும் ஆட்டம் அது. நம் காப்பிய நாயகிக்குப் பெயர் கொடுத்த அதே மணிமேகலா தெய்வம்தான். உங்கள் மகள் சொந்தமாக ஏதாவது செய்ய நினைத்தால், இரண்டு கரைக்கும் பொதுவான இந்தத் தெய்வத்திடமிருந்தே தொடங்கலாம். இது என் ஆசை, ஆலோசனை அல்ல.

ஆலோசனை இது: அவள் கெமர் குடும்பத்துப் பெண் அல்ல, அந்த மரபில் விருந்தாளி. பதினேழு வயதில் 'கெமர் சமகால நடனக் கலைஞர்' என்று இன்ஸ்டாகிராமில் போட்டுக்கொண்டால், இதை மாற்ற நீ யார் என்று யாராவது கேட்பார்கள், கேட்பதில் நியாயமும் இருக்கும். சோபிலினையே கேட்டார்கள். 'இன்னாரிடம் யேக் பாத்திரம் கற்றேன்' என்று மட்டும் சொல்லட்டும். அந்த ஒரு வரிக்கே மதிப்பு அதிகம்.

சரி, சோறு.

என் கணிப்பை மறைக்காமல் சொல்கிறேன். சமகால நடனத்தை மட்டும் நம்பி மாதச் சம்பளம் போல வாழ்பவர்கள் அங்கே மிகக் குறைவு. வருமானம் துண்டு துண்டாக வரும். சியம் ரீப்பில் சுற்றுலாப் பயணிகளுக்கான இரவுச் சாப்பாட்டு மேடைகளில் செவ்வியல் துண்டுகள் ஆடுவது ஒன்று. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது ஒன்று. சமகால நிகழ்ச்சிக்கு ஏதாவது அறக்கட்டளையோ வெளிநாட்டுக் கலாசார மையமோ விழாவோ பணம் கொடுத்தால், சில வாரம் ஒத்திகை, சில நாள் மேடை, பிறகு இடைவெளி. கொரோனா காலத்தில் சுற்றுலா நின்றபோது இதில் முதல் கிளை மொத்தமாக முறிந்தது. அதை நீங்களே பக்கத்திலிருந்து பார்த்திருப்பீர்கள். அரசு சார்ந்த கலைஞர் வேலை இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்குக் கிடைக்கும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள்.

அதனால் நான் சொல்லும் வரிசை வேறு. ஏ லெவலை முடிக்கட்டும். இதில் பேரம் கிடையாது. ஆசிரியையிடம் வகுப்பையும் விட வேண்டாம். வாரத்துக்கு ஐந்து நாள் முடியாவிட்டால் மூன்று நாள். செவ்வியல் பயிற்சியை நிறுத்திய ஆட்டக்காரரின் உடம்பு இரண்டே வருடத்தில் பொதுவான உடம்பாகிவிடும். பிறகு தேர்வுக் குழு முன்னால் அவளுக்கும் மற்ற நூறு பேருக்கும் வித்தியாசம் இருக்காது. உங்கள் மகளின் மூலதனமே அந்த வித்தியாசம்தான். சமகால வகுப்பு வார இறுதியில் போதும்.

பட்டப்படிப்புக்கு சிங்கப்பூர் லாசால், ஹாங்காங் நிகழ்கலைக் கழகம், தைபே தேசியக் கலைப் பல்கலைக்கழகம் மூன்றையும் பாருங்கள். மதிப்பெண்ணை மட்டும் வைத்து இடம் தரமாட்டார்கள், ஆடிக் காட்ட வேண்டும். ஆட்டத்தை மட்டுமல்லாமல் ஆராய்ச்சியையும் விரும்பினால், லாஸ் ஏஞ்சலிஸ் கலிபோர்னியா பல்கலைக்கழகம் இருக்கிறது. சோபிலினும் சன்கெத்யாவும் அங்கே படித்தவர்கள்தான். செலவு கண்ணைக் கட்டும். உதவித்தொகைக் கடிதம் கையில் வராமல் கடன் வாங்காதீர்கள், ஊர் நிலத்தை விற்காதீர்கள்.

விண்ணப்பக் காணொளியில் பெரும்பாலோர் செய்யும் தப்பு, முழு அலங்காரத்தோடு மேடை நிகழ்ச்சியை அனுப்புவது. கெமர் உடையை ஆட்டக்காரரின் மேலேயே வைத்துத் தைப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும், பக்கத்தில் ஊசியும் நூலுமாக நின்றிருப்பீர்கள். அந்தச் சரிகைக்குள் முதுகுத்தண்டு எங்கே தெரியும்? பயிற்சி உடையில், வெட்டு ஒட்டு இல்லாமல், இரண்டு நிமிடம் யேக்கின் அடிப்படை அடவுகள். அப்புறம் இரண்டு, மூன்று நிமிடம் அவளே அமைத்த ஏதாவது ஒன்று. பாட்டு கூட வேண்டாம். மூச்சு கேட்டால் நல்லது.

வீட்டுக்காரர் வணிகவியல் படிக்கச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அதையும் நான் ஒரேயடியாகத் தள்ளவில்லை. நடனத்தைச் சுற்றிக் கணக்கு எழுதவும், மானிய விண்ணப்பம் எழுதவும், ஆவணப்படுத்தவும் தெரிந்தவர்கள் இல்லாமல் குழுக்கள் திண்டாடுகின்றன. புனோம் பென்னிலேயே 2006இல் இயக்குநர் ரித்தி பான் முன்னின்று தொடங்கிய பொபானா ஒலி-ஒளி ஆவணக் காப்பகம் இருக்கிறது. ஒரு நாள் மகளோடு போய் உட்கார்ந்து பழைய படச்சுருள்களைப் பாருங்கள். நியூயார்க் பொது நூலகத்தின் நடனப் பிரிவுக்காக 2008இலிருந்து கெமர் ஆசிரியர்களின் நேர்காணல்களையும் பாடங்களையும் படமெடுத்திருக்கிறார்கள். ஆடவும் தெரிந்து, கெமரும் ஆங்கிலமும் தமிழும் பேசத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு இந்தப் பக்கத்தில் வேலை உண்டு. அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் உள்ள பாலம் இதுவாக இருக்கலாம், பேசிப்பாருங்கள்.

ஒரு விஷயம் மட்டும் அவசரம். முழங்காலில் வலி என்று அவள் சொன்னதாகக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள், ஏதோ ஞாபகம் வந்ததுபோல. அதுதான் முதல் வரியாக இருந்திருக்க வேண்டும். தாழ்ந்து நின்று ஆடிய முழங்கால், திடீரென்று குதித்து விழும் பயிற்சிக்குப் போகும்போது பாதிக்கப்படலாம். இந்த மாதமே விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை குதிக்கும் பயிற்சி வேண்டாம்.

ஆசிரியையிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். வாட்ஸ்அப்பில் சொல்லாதீர்கள். அங்கே வியாழக்கிழமைதான் குருவுக்கு உரிய நாள், சம்பியா க்ரூ வணக்கமும் அன்றுதான். நமக்கும் வியாழன் குருதான். ஒரு வியாழக்கிழமை பழம், பூ, ஊதுவத்தியோடு மகளை அழைத்துக்கொண்டு நீங்களும் போங்கள். "வகுப்பை விடவில்லை நெக் க்ரூ, இன்னொன்றும் கற்றுக்கொள்ள அனுமதி கொடுங்கள்" என்று அவளே தன் வாயால் கெமரில் கேட்கட்டும். நீங்கள் பேச வேண்டாம். அவர் உடனே சரி என்று சொல்லாமல் போகலாம். அடுத்த வாரமும் அவள் வகுப்புக்கு வந்து நிற்கிறாளா என்று பார்த்துவிட்டுச் சொல்வார்.

மருத்துவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்