எச்டிஎம்ஐ கேபிளில் போகும் லட்சக்கணக்கான புள்ளிகள் வரிசை மாறாமல் திரையில் வந்து உட்காருவது எப்படி?

1920×1080 திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 படங்கள் என்றால், நொடிக்கு 12.4 கோடி புள்ளிகள். ஆனால் எச்டிஎம்ஐயில் இதற்கான பிக்சல் கடிகாரம் (துடிப்புக்கு ஒரு புள்ளி என்று தாளம் போடுவது) 148.5 மெகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 14.85 கோடி துடிப்புகள். மிச்சம் எங்கே போகிறது? விடையே அங்குதான் இருக்கிறது.

ஒவ்வொரு வரிக்கும் 2200 துடிப்புகள். படம் 1920-இல் முடிந்துவிடும். மீதி 280 வெற்று இடைவெளி. அதேபோல் 1080 வரிகளுக்குப் பின் 45 வெற்று வரிகள். இந்த இடைவெளிகளில்தான் 'வரி முடிந்தது', 'படம் முடிந்தது' என்ற ஒத்திசைவுக் குறிகள் வருகின்றன. திரை அவற்றைப் பார்த்துத்தான் அடுத்த வரியைத் தொடங்குகிறது. பழைய பிக்சர் டியூபில் எலக்ட்ரான் கற்றை திரும்பி வருவதற்காக விட்ட இடம் இது. டியூப் போய்விட்டது, இடைவெளி நிலைத்துவிட்டது. ஒலியும் அதில்தான் ஏறி வருகிறது! எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு.

இவ்வளவு வேகத்தில் இரைச்சல் புகாதா? புகும். அதனால் ஒரே சிக்னலை இரண்டு கம்பிகளில் எதிரெதிராக அனுப்புகிறார்கள். இரைச்சல் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவில் ஏறும். பெறும் முனை வித்தியாசத்தை மட்டும் எடுப்பதால் அது அடிபட்டுப் போகும்.

கேம் ஆடும்போது படம் குறுக்கே கிழிவது கேபிள் கோளாறு அல்ல. பாதி படம் போய்க்கொண்டிருக்கும்போதே கிராபிக்ஸ் கார்டு அடுத்த படத்துக்குத் தாவிவிடுகிறது. இதைத் தடுக்கும் வி-சிங்க் என்ற அமைப்பைப் போட்டால், கார்டு அந்த வெற்று வரிகள் வரும்வரை காத்திருந்து படத்தை மாற்றும்.