பால் கணக்கோடு சினைக் கணக்கும்: குறிப்பேட்டைக் கொண்டு மந்தையைத் தேர்ந்தெடுப்பது

கேள்வி: நாற்பது கறவை மாடுகள் வைத்திருக்கிறேன். பால் அளவு, சினை ஊசி போட்ட தேதி, கன்று ஈன்ற தேதி, சிகிச்சை ஆகியவற்றை ஆறு ஆண்டுகளாகக் குறித்து வருகிறேன். அதிகம் கறக்கும் மாடுகளின் கிடேரிகளையே இதுவரை வளர்த்தேன். பால் கூடியிருக்கிறது, ஆனால் மாடுகள் எளிதில் சினை நிற்பதில்லை, மடிநோயும் அடிக்கடி வருகிறது. இந்தக் குறிப்புகளை வைத்து இதை மாற்ற முடியுமா?

பதில்: முடியும். ஆனால் அந்தக் குறிப்பேட்டில் பராமரிப்பின் குறைகளும் மாட்டின் பரம்பரைக் குறைகளும் கலந்தே பதிவாகியிருக்கின்றன. முதலாவதைப் பிரித்தெடுத்த பிறகு எஞ்சுவதைக் கொண்டுதான் எந்த மாட்டின் கன்றை வளர்ப்பது என்று முடிவு செய்ய வேண்டும். இந்த வரிசை மாறினால் நல்ல மாட்டை விற்றுவிட்டுப் பழுதான வழக்கத்தை வைத்துக்கொள்ள நேரும்.

பாலை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்ததன் விளைவு உங்கள் மந்தைக்கு மட்டும் நேர்ந்ததன்று. அதிகப் பாலுக்கான மரபும் எளிதில் சினை பிடிப்பதற்கான மரபும் ஓரளவு எதிரெதிராக இழுப்பவை என்பதால், பாலையே குறியாகக் கொண்டு தேர்ந்தெடுக்கப்பட்ட ஹோல்ஸ்டீன் என்ற கறவை இனத்தில் சினை பிடிப்பு பல பத்தாண்டுகள் சரிந்துகொண்டே வந்தது. நார்வே 1970களிலேயே மாடுகளின் சிகிச்சைகளை நாடு முழுவதும் பதிவு செய்து, சினை பிடிப்பையும் மடிநோய் எதிர்ப்பையும் பொலிகாளைத் தேர்வில் சேர்த்தது. அமெரிக்காவில் காளைகளை அவற்றின் மகள்களின் சினை பிடிப்பைக் கொண்டு மதிப்பிடும் முறை 2003இல்தான் வந்தது; அதன் பிறகே அங்கு அந்தச் சரிவு நின்று நிமிரத் தொடங்கியது.

இதில் ஒரு கணக்கைப் புரிந்துகொள்வது அவசியம். மாடுகளுக்கிடையே பால் அளவில் காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழ 30 சதவீதம் பரம்பரையால் வருவது. சினை பிடிப்பிலும் மடிநோய் வருவதிலும் அந்தப் பங்கு பெரும்பாலும் 5 சதவீதத்துக்கும் குறைவு. பாலில் உள்ள சோமாட்டிக் செல் (மடி அழற்சியின்போது பெருகும் உடற்செல்கள்) எண்ணிக்கையில் சுமார் 10 முதல் 15 சதவீதம். ஆகவே ஒரு மாடு ஒரு முறை சினை நிற்கத் தவறியதிலிருந்து அதன் மரபைப் பற்றி ஏறக்குறைய எதுவும் தெரியாது. ஒரு காளையின் 12 மகள்களின் பால் கணக்கு இருந்தால் அந்தக் காளையின் பால் மரபை ஏறக்குறைய 50 சதவீத நம்பகத்துடன் மதிப்பிட முடியும். சினை பிடிப்பில் அதே நம்பகத்துக்குச் சுமார் 100 மகள்கள் வேண்டும். நாற்பது மாடுகள் கொண்ட மந்தையில் இது நடக்காது. ஆனாலும் பங்கு குறைவு என்பதால் பயன் இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். காளைகளுக்கிடையே சினை பிடிப்பு மரபில் வேறுபாடு உண்மையிலேயே பெரிது. அதைக் காணப் பல மந்தைகளின் குறிப்புகள் ஒன்றுசேர வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் பராமரிப்பைப் பிரித்தெடுக்கும் வேலை. ஒரு மாட்டின் பக்கத்தை எடுத்து, ஒரு சினை ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் இடையே எத்தனை நாள் என்று எழுதுங்கள். மார்ச் 3 அன்று ஈன்ற மாட்டுக்கு மே 2, ஜூன் 13, ஜூலை 25 ஆகிய நாட்களில் ஊசி போடப்பட்டு மூன்றாவதில் சினை நின்றதாக வைத்துக்கொள்வோம். மூன்று ஊசி கேட்ட மாடு என்று அதைக் கழித்துவிடத் தோன்றும். ஆனால் இடைவெளி இரு முறையும் 42 நாள். மாடு சினைப் பருவத்துக்கு வரும் சுற்று 21 நாள் என்பதால், இரு முறையும் இடையில் வந்த ஒரு பருவத்தை யாரும் கவனிக்கவில்லை என்பதே பெரும்பாலும் இதன் பொருள். கவனித்திருந்தால் மூன்றாவது ஊசியையே ஈன்ற 144ஆம் நாளுக்குப் பதிலாக 102ஆம் நாளில் போட்டிருக்கலாம். இன்னொரு மாட்டின் பக்கத்தில் ஈன்றதிலிருந்து 58, 79, 101, 122ஆம் நாட்களில் ஊசி என்று இருந்தால் கதை வேறு: பருவம் ஒழுங்காக வருகிறது, கவனிக்கவும்படுகிறது, சினைதான் நிற்கவில்லை. விந்தின் தரம், ஊசி போட்ட நேரம், கருப்பையின் நிலை, மாட்டின் மரபு ஆகியவற்றை அங்கேதான் ஆராய வேண்டும். 18 நாளுக்கும் குறைந்த இடைவெளிகள் பல இருந்தால், பருவத்தில் இல்லாத மாட்டுக்கு ஊசி போடப்படுகிறது என்று சந்தேகிக்கலாம். 25 முதல் 35 நாள் வரையிலான இடைவெளி, கரு தங்கிப் பின் அழிந்ததையோ பருவத்தைத் தவறாகக் கணித்ததையோ குறிக்கலாம்.

மந்தை முழுவதிலும் 36 முதல் 48 நாள் இடைவெளிகளே மிகுந்திருந்தால் மரபைப் பற்றிய பேச்சைத் தள்ளிவைத்துவிட்டு, காலையும் மாலையும் மாடுகளைப் பார்க்கும் வழக்கத்தைத் திருத்துங்கள். பருவத்தில் உள்ள மாடுகளில் பாதியைக் கண்டறிந்து, ஊசி போட்டவற்றில் 40 சதவீதம் சினை நின்றால், ஒவ்வொரு 21 நாளிலும் சினைக்குத் தகுதியான மாடுகளில் 20 சதவீதம்தான் சினையாகும். கண்டறிவது 70 சதவீதமானால், வேறெதையும் மாற்றாமலே அது 28 ஆகிவிடும். எந்தக் காளையாலும் இவ்வளவு விரைவாக இதைத் தர முடியாது.

சிகிச்சைக் குறிப்புகளைச் சினைக் குறிப்புகளின் அருகே வைத்துப் படியுங்கள். நஞ்சுக்கொடி தங்கிய மாடுகளுக்குக் கருப்பை அழற்சி வருவதும், அவை பிந்திச் சினை நிற்பதும் ஒரே சங்கிலி. ஈன்ற அன்றும் முதல் ஊசி அன்றும் உடற்கட்டு மதிப்பெண்ணை (மாடு மெலிந்ததா கொழுத்ததா என்று பார்த்துத் தரும் எண்) குறித்தால், தீவனப் பற்றாக்குறையால் உடல் வற்றிச் சினை நிற்காத மாடுகள் தனியே தெரியவரும்.

இதற்குப் பிறகு மாடுகளை ஒப்பிடலாம். முதல் ஈற்று மாட்டை முதல் ஈற்று மாடுகளோடும், ஒரே பருவகாலத்தில் ஈன்றவற்றை ஒன்றோடொன்றும் ஒப்பிட வேண்டும். கோடையில் ஈன்ற மாட்டைக் குளிர்காலத்தில் ஈன்றதோடு வைத்துப் பார்ப்பது அநியாயம். ஈற்று இடைவெளியின் சராசரியை மட்டும் நம்பவும் கூடாது. சினையே நிற்காமல் விற்கப்பட்ட மாடு மறுபடி ஈனாததால் அந்தச் சராசரிக்குள் வருவதேயில்லை; மோசமான மாடுகளை விற்க விற்கச் சராசரி தானாக அழகாகும். ஆகவே விற்ற மாட்டின் பக்கத்தைக் கிழிக்காமல், விற்ற காரணத்தோடு வைத்திருங்கள். எந்தக் காளையின் மகள்கள் எந்தக் காரணத்தால் வெளியேறின என்பது மிக மதிப்புள்ள குறிப்பு.

கிடேரி வளர்க்க எந்தத் தாய் வேண்டும் என்பதில் என் பரிந்துரை இது: குறைந்தது இரண்டு ஈற்றுகளின் குறிப்பு உள்ள மாடுகளில், பால் சராசரிக்கு மேல் இருந்து, சினை எளிதில் நின்று, மடிநோய் திரும்பத் திரும்ப வராதவற்றை எடுங்கள். முதலிடத்தில் கறக்கும் மாட்டையே எடுக்க வேண்டியதில்லை. மாதப் பரிசோதனையில் சோமாட்டிக் செல் மில்லிலிட்டருக்கு 2 லட்சத்தைப் பல முறை தாண்டிய மாட்டையும், இரண்டு ஈற்றுகளில் 21 நாளுக்கொரு முறை ஊசி போட்டும் எளிதில் சினை நிற்காத மாட்டையும் பாலுக்காக வைத்துக்கொள்ளலாம். அவற்றின் கிடேரியை மந்தைக்கென வளர்க்க வேண்டாம்.

மரபில் பெரிய மாற்றம் காளை வழியாகத்தான் வரும். காளைப் பட்டியலில் இரண்டு எண்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்: அந்தக் காளையின் விந்து எவ்வளவு எளிதில் சினை பிடிக்கிறது என்பது ஒன்று, அதன் மகள்கள் எவ்வளவு எளிதில் சினை நிற்கின்றன என்பது மற்றொன்று. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. மகள்களின் சினை பிடிப்பு, சோமாட்டிக் செல், ஆயுள் ஆகியவற்றில் சராசரிக்கு மேல் நிற்கும் காளைகளை முதலில் பிரித்து, அவற்றுக்குள் பாலில் சிறந்ததைத் தேர்ந்தெடுங்கள். ஒரே காளையை நம்பாமல் நான்கைந்து காளைகளைப் பயன்படுத்துங்கள். மரபணுச் சோதனை வழி மதிப்பிடப்பட்ட இளங்காளைகளுக்கு இது இன்னும் பொருந்தும். அவற்றின் மதிப்பீடு பின்னர் ஏறவோ இறங்கவோ கூடும். ஊசி போடுமுன் தாயின் பக்கத்தில் அதன் தந்தையின் பெயரைப் பாருங்கள்: தந்தையையே மகளோடு சேர்த்தால் பிறக்கும் கன்றின் உள்ளினச்சேர்க்கை (நெருங்கிய உறவுக்குள் இணைவது) அளவு 25 சதவீதம், ஒரே தந்தைக்குப் பிறந்தவற்றைச் சேர்த்தால் 12.5 சதவீதம். இவ்விரண்டும் முதலில் பாதிப்பது சினை பிடிப்பையும் கன்றின் உடல்நலத்தையும்தான்.

ஆகவே கன்று பிறந்த அன்றே காதில் எண் பூட்டி, தாயின் எண்ணையும் தந்தைக் காளையின் பெயரையும் எழுதிவிடுங்கள். அது விடுபட்டால் மற்றக் குறிப்புகளுக்கு மரபுப் பயன் இல்லை. இன்று போடும் ஊசியில் உருவாகும் கிடேரி ஒன்பது மாதத்தில் பிறந்து, சுமார் இரண்டு வயதில் ஈன்று, மறுபடி சினை நின்றதா என்பது தெரிய ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆகும். அதுவரை ஒவ்வொரு ஆண்டும் காளையைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோலை மாற்றாதீர்கள். பால் பதிவுத் திட்டம் எதிலாவது சேரும் வாய்ப்பு இருந்தால் இந்த ஆண்டே சேருங்கள். உங்கள் நாற்பது மாடுகளின் தேதிகளும் அந்த நூறு மகள்களின் கணக்கில் இடம்பெறும்.