கீபோர்டுக்குத் தமிழ் தெரிய வேண்டியதில்லை

கோத்தகிரி பக்கத்து ஹட்டி (படுகர் கிராமம்) ஒன்றிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்:

"எங்கள் மகளிர் குழுவின் தீர்மானங்கள், ஊரில் தேயிலை போட்டிருப்பவர்களின் மனுக்கள் எல்லாம் நான்தான் எழுதிக் கொடுக்கிறேன். மகன் 10 அங்குல ஆண்ட்ராய்டு டேப் வாங்கித் தந்தான். கண்ணாடியில் தட்டித் தட்டி விரல் வலிக்கிறது. அந்தக் காலத்தில் தமிழ் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்தவள் நான். வேண்டும்போது மாட்டி, வேண்டாதபோது கழற்றி வைக்கும் வயர்லெஸ் கீபோர்டு கேட்டால், 'சாதா கீபோர்டில் தமிழ் வராதும்மா, தமிழ் கீபோர்டு வரவழைக்கணும். சாஃப்ட்வேர் தனி, வருஷா வருஷம் புதுப்பிக்கணும்' என்கிறார் கடைக்காரர். 500 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டேன். பக்கத்து வீட்டுத் தம்பியோ பனிமூட்டம் வந்தால் புளூடூத் அறுந்துவிடும் என்கிறான். என்ன செய்யட்டும்?"

மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள் அம்மா. முதல் பதில் அதுதான்.

கீபோர்டுக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. எந்த இடத்தில் இருக்கும் விசை அழுத்தப்பட்டது என்பதை மட்டும் அது டேபுக்குச் சொல்லும். காலிங்பெல்லுக்கு வாசலில் நிற்பது யார் என்று தெரியாதில்லையா, அது போல. அந்த இடத்துக்கு 'க' போடுவதா, ஆங்கில 'எச்' போடுவதா என்று முடிவு செய்வது டேபுக்குள் இருக்கும் செயலி. அதனால் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண புளூடூத் கீபோர்டிலும் தமிழ் வரும். 'தமிழ் கீபோர்டு' என்று அவர் வரவழைக்கப்போவது பெரும்பாலும் அதே கீபோர்டுதான், மேலே நாலு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அந்த ஸ்டிக்கர் ஒரு முறைப்படியும் உங்கள் செயலி வேறொரு முறைப்படியும் இருந்துவிட்டால், 'ப' என்று ஒட்டிய இடத்தை அழுத்தினால் வேறு ஏதோ வரும். அப்புறம் அதைச் சரிசெய்ய ஒரு கூலி.

சாஃப்ட்வேர் சமாச்சாரம் இதைவிட மோசம். தமிழ்த் தட்டச்சுச் செயலிகள் பிளே ஸ்டோரில் இலவசமாகவே இருக்கின்றன. கடையில் பென் டிரைவிலிருந்தோ வாட்ஸ்அப்பில் வந்த கோப்பிலிருந்தோ ஏற்றினால் சம்மதிக்காதீர்கள். தட்டச்சுச் செயலி என்பது நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தையும் பார்க்கக்கூடியது. புதிதாக ஒன்றை இயக்கும்போது, கடவுச்சொல் உட்பட எல்லாவற்றையும் இது சேகரிக்கக்கூடும் என்று ஆண்ட்ராய்டே எச்சரிக்கிறது. கடைப் பையன் அதைப் படிக்க விடாமல் 'ஓகே' அழுத்திவிட்டு டேபை நீட்டுவான். குழுவின் வங்கிக் கணக்கை அதே டேபில் பார்ப்பவருக்கு இது விளையாட்டல்ல.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேட்காவிட்டாலும். மலையில் பல கடைகளில் "ஐடி போட்டுத் தர்றேன்" என்று ஒரு ஜிமெயில் கணக்கைத் திறந்து, கடவுச்சொல்லைத் தங்கள் நோட்டில் எழுதி வைத்துக்கொள்கிறார்கள். கெட்ட எண்ணம் இல்லாமல் செய்பவர்களும் உண்டு. ஆனால் பூட்டை நீங்கள் வாங்க, சாவி அவர்களிடம் இருக்கிறது. உங்கள் டேபில் இருக்கும் கணக்கு யார் திறந்தது என்று மகனிடம் கேளுங்கள். கடையில் திறந்ததென்றால் இன்றைக்கே கடவுச்சொல்லை மாற்றச் சொல்லுங்கள். ஓடிபி யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

சரி, கீபோர்டுக்கு வருவோம். ஒரு பைசா செலவழிக்கும் முன் ஒரு சோதனை செய்துவிடலாம். ஆண்ட்ராய்டில் சில தமிழ்ச் செயலிகள் திரையில் தமிழ் தரும், வெளியிலிருந்து கீபோர்டு இணைத்தால் மட்டும் ஆங்கிலத்துக்கு ஓடிவிடும். எந்த டேபில் எது ஒத்துழைக்கும் என்பதைப் பெட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்காகக் கீபோர்டு வாங்கிப் பார்க்க வேண்டியதில்லை. ஓடிஜி என்று ஒரு சின்ன இணைப்பி மலிவாகக் கிடைக்கும். அதை டேபின் சார்ஜ் துளையில் செருகி, யார் வீட்டுக் கம்ப்யூட்டரிலாவது இருக்கும் வயர் வைத்த பழைய கீபோர்டை அதில் மாட்டுங்கள். அதில் தமிழ் வந்தால், வயர்லெஸ்ஸிலும் வரும். டேபைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே. வராவிட்டால் செயலியை மாற்றிப் பாருங்கள், கீபோர்டை அல்ல. கேட்பவர்களுக்கு ஒரு செய்தி: ஐபேடில் தமிழ்99, அஞ்சல் என்ற தட்டச்சு முறைகள் இரண்டும் உள்ளேயே இருக்கின்றன, வெளிக் கீபோர்டிலும் வேலை செய்கின்றன.

உங்கள் லோயர் பற்றி. விரல் பழக்கம் வீண் போகாது, ஆனால் விசைகள் இருக்கும் இடம் மாறிவிட்டது. டைப்ரைட்டரில் 'தேயிலை' அடிக்க இரட்டைக் கொம்பை முதலில் அடித்து அப்புறம் 'த' அடித்திருப்பீர்கள், கண்ணுக்குத் தெரிகிற வரிசையில். தமிழ்99 முறையில் காதுக்குக் கேட்கிற வரிசை: த, ஏ, ய, இ, ல, ஐ. ஆறு தட்டல், தேயிலை வந்துவிடும். உயிர் எழுத்துகள் இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. அ, ம, ம, ஆ என்று அடித்தால் 'அம்மா'. புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். ஷிப்ட்டை இழுத்துப் பிடிக்கிற வேலை கிட்டத்தட்ட இல்லை, வலிக்கிற விரலுக்கு அது பெரிய உபகாரம். பத்துப் பதினைந்து நாள் கை தடுமாறும். டைப்ரைட்டிங் படித்தவர்கள் மற்றவர்களைவிட வேகமாகப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பது நான் பார்த்தது.

1999-ல் தமிழ்நாடு அரசு இந்த முறையைத் தரப்படுத்தியது. கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. இன்னும் கடையில் போய்த் தமிழ்99 அச்சிட்ட கீபோர்டு கேட்டால் விழிக்கிறார்கள். 2010-ல் யூனிகோடை அரசே தரமாக அறிவித்தது, அப்படியும் "பழைய ஃபான்ட்டில் அடிச்சுக் கொண்டு வாங்க" என்று மனுவைத் திருப்பும் மேசைகள் இருக்கின்றன. யூனிகோடு என்பது எந்தக் கருவியில் திறந்தாலும் தமிழ் தமிழாகவே தெரிவதற்கான பொது எழுத்துக் குறியீடு. டேபில் நீங்கள் அடிப்பது அதுதான். யாராவது திருப்பினால் பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள், அல்லது அச்செடுத்துக் கொடுங்கள். வேறு ஃபான்ட்டுக்கு மாற்றித் தர இடையில் ஒருவர் பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு கேட்பார். அவரை அங்கே உட்கார வைத்திருப்பது உங்கள் கீபோர்டு அல்ல, அந்த மேசை.

இப்போது அளவு. பெட்டியின் மேல் யாரும் எழுதாத விஷயம் இது. தமிழ்99-ல் ச, ஞ, ய, ழ நான்கும் ஆங்கிலக் கீபோர்டின் வலது ஓரத்துக் குறி விசைகளில் உட்கார்ந்திருக்கின்றன. ச, ஞ இரண்டும் சதுர அடைப்புக்குறிகளில், ய ஒற்றை மேற்கோளில், ழ சாய்கோட்டில். கைக்கு அடக்கமாக இருக்கிறதே என்று ஏழு, எட்டு அங்குலக் கீபோர்டு வாங்கினால், இடம் போதாமல் முதலில் நசுக்கப்படுவது இந்த நான்கும்தான். சில மாடல்களில் அடைப்புக்குறியே தனி விசையாக இருக்காது, எஃப்என் என்ற விசையோடு சேர்த்து அழுத்த வேண்டும். மனுவின் முதல் வரியே 'ஐயா'. ஒவ்வொரு 'ய'வுக்கும் விரல் இடம் தேடினால் மனு எப்போது முடியும்? ஆகவே உங்கள் 10 அங்குல டேபுக்குச் சமமான அகலத்துக்குக் குறையாமல் வாங்குங்கள். கடையில் விசைகளின் வலது ஓரத்தைப் பாருங்கள், நிறத்தையும் விளக்கையும் அப்புறம் பார்க்கலாம்.

புளூடூத் கீபோர்டு என்று பொதுவாகச் சொன்னேன். ஒரு விதிவிலக்கு உண்டு, அதில் ஏமாறுகிறவர்கள் அதிகம் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். உங்கள் டேபின் விளிம்பிலோ முதுகிலோ வரிசையாக மூன்று நான்கு பொன்னிறப் புள்ளிகள் இருக்கின்றனவா பாருங்கள். இருந்தால், காந்தத்தில் பட்டென்று ஒட்டிக்கொள்ளும் கீபோர்டு உறை அந்த மாடலுக்கென்று விற்கலாம். அதற்கு புளூடூத் வேண்டாம், சார்ஜ் வேண்டாம், மின்சாரத்தை டேபிலிருந்தே எடுத்துக்கொள்ளும். காற்றுமழையில் மரம் விழுந்து நாள் முழுக்க கரண்ட் இல்லாத ஊருக்கு அது வசதிதான். ஆனால் அதே மாடலுக்குரியதாக இருக்க வேண்டும். "இதுவும் அதே மாதிரிதான்மா" என்பது பொருந்தாது, புள்ளிகள் ஒரு மயிரிழை தள்ளியிருந்தாலும் அது வெறும் அட்டை. விலையும் பல மடங்கு. டேப் பழுதானால் கீபோர்டும் அதோடு போயிற்று, வேறு டேபுக்கு உதவாது. கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அடிக்கலாம் என்று நினைக்காதீர்கள், பெரும்பாலானவை ஒட்டியிருந்தால்தான் பேசும். ஈரத்தில் அந்தப் புள்ளிகள் மங்கிவிடும், உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். புள்ளிகளே இல்லையென்றால் இந்தப் பத்தியை மறந்துவிடலாம்.

பக்கத்து வீட்டுத் தம்பியிடம் சொல்லுங்கள்: ஒரு சாண், இரண்டு சாண் தூரத்தில் பனிமூட்டம் புளூடூத்தை ஒன்றும் செய்யாது. அறுந்து போவதற்கு வேறு காரணங்கள் உண்டு. பேட்டரி தீர்ந்திருக்கும். அல்லது மகன் தன் போனில் ஒரு தரம் இணைத்துப் பார்த்திருப்பான், அவன் வீட்டுக்கு வந்ததும் கீபோர்டு அங்கே ஒட்டிக்கொள்ளும். சும்மா வைத்திருந்தால் சில நிமிடங்களில் கீபோர்டு தூங்கிவிடும், எழுப்புகிற முதல் தட்டல் எழுத்தாக வராது. இதையெல்லாம் பழுது என்று கடைக்கு எடுத்துப் போனால், பழுதாக்கித் தருவார்கள்.

குளிர் பற்றிக் கவலைப்பட வேண்டியது ஜனவரியில் தலைக்குந்தா, காந்தல் மாதிரி உறைபனி விழும் இடங்களில் வண்டிக்குள் இரவு விட்டு வைப்பவர்கள். அந்தக் குளிரில் பேட்டரி சீக்கிரம் சோர்ந்துவிடும். எடுத்தவுடன் சார்ஜில் போடாமல் அறைச் சூட்டுக்கு வந்த பின் போடவும். உங்கள் பக்கம் உண்மையான எதிரி ஐப்பசி, கார்த்திகை ஈரம். சமையலறை ஆவிக்கு எட்டாத பெட்டியில், மருந்து டப்பாவில் வரும் சிலிக்கா பொட்டலங்களோடு வைத்தால் போதும்.

இணைத்ததும் திரைக் கீபோர்டு மறைந்துபோனால் பதறாதீர்கள். டேபின் அமைப்புகளில் வெளிக் கீபோர்டு பகுதியில், திரைக் கீபோர்டையும் காட்டு என்று ஒரு தேர்வு இருக்கும். சின்ன யூஎஸ்பி துண்டு செருகி வேலை செய்யும் மலிவு வயர்லெஸ் வகையைத் தவிர்த்துவிடுங்கள். அந்த வகையில் பல கம்பெனிக் கீபோர்டுகள் அடிக்கும் எழுத்தைப் பிறர் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்யாமலே காற்றில் அனுப்புகின்றன என்பது 2016-லேயே அம்பலமானது.

வயர்லெஸ் கீபோர்டை பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு இல்லாமல் இந்தியாவில் விற்கக் கூடாது. பெட்டியிலோ அடிப்பக்கத்திலோ 'ஆர்' எழுத்தோடு தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும், பிஐஎஸ் கேர் செயலியில் அதைப் போட்டால் யாருடைய பதிவு என்று தெரியும். எண் இல்லையென்றால் வேண்டாம். பில் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள், "பில் போட்டா ஜிஎஸ்டி கூடும்மா" என்றாலும்.

அந்த 500 ரூபாய்க்கு ரசீது இருக்கிறதா? இருந்தால் டேபையும் ரசீதையும் எடுத்துக்கொண்டு போய், சாதாரண புளூடூத் கீபோர்டு போதும், முன்பணத்தை அதில் கழித்துக்கொள்ளுங்கள் என்று கேளுங்கள். பெரும்பாலான கடைக்காரர்கள் இதற்கு ஒத்துக்கொள்வார்கள், உள்ளூர்க்காரர் முகம் பார்க்க வேண்டுமே. வாங்குமுன் அங்கேயே இணைத்து 'ஐயா' என்று அடித்துப் பாருங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குகளுக்குக் கட்டணம் கிடையாது, ஆனால் 500 ரூபாய்க்கு அத்தனை வாய்தா அலைய உங்களுக்கு நேரம் இருக்காது என்று அந்தக் கடைக்காரருக்கும் தெரியும். ரசீது இல்லையென்றால், மகனைக் கூட அழைத்துப் போங்கள்.